ஏன் 1,500 ஓம்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 31. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன். எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். சென்ற ஆண்டு 5 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அது எப்படி வேலை செய்கிறது என்று படித்துத் தெரிந்துகொள்ள ஆசை. தொடக்க நூல்களில் 'கிரிட் எலெக்ட்ரான்களைக் கட்டுப்படுத்துகிறது' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடுத்து எடுத்த நூலோ முதல் அத்தியாயத்திலிருந்தே வளைகோடும் சமன்பாடுமாக இருக்கிறது. சர்க்யூட் படத்தில் முதல் வால்வின் கேத்தோடில் 1,500 ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறார்கள். 'இது பயாஸ் தருகிறது' என்று ஒரு நூல் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஏன் 1,500? ஏன் 1,000 இல்லை? இரண்டு நிலைக்கும் நடுவில் படிக்க ஏதாவது உண்டா, இல்லை இது எனக்கு எட்டாத விஷயமா? உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் அதைத் திறக்க விடுவதில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.
— வி. எஸ்., நாகர்கோவில்

பதில்: அன்புள்ள வி. எஸ்.,

இது உங்களுக்கு எட்டாத விஷயம் இல்லை. முதலில் அந்தக் கவலையை விடுங்கள். புதிதாக வருபவருக்கு அந்த 1,500 ஓம் ரெசிஸ்டர் கண்ணிலேயே படாது. தேர்ந்தவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவார். கண்ணில் பட்டும் விடை கிடைக்காமல் தவிப்பவர் நடுப்படியில் நிற்கிறார். நீங்கள் நிற்பது அங்கேதான். அங்கிருந்து ஏற வழி இருக்கிறது.

உங்கள் பயமும் நியாயமானது. அதற்குப் பின்னால் தனியாகப் பதில் சொல்கிறேன். அதுவரை ஆம்ப்ளிஃபையரைத் திறக்க வேண்டாம். வீட்டாரிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லப்போகும் முதல் இரண்டு மாத வேலைக்குப் பென்சில், அளவுகோல், கட்டம் போட்ட தாள், சாதாரணக் கால்குலேட்டர் போதும்.

நடுவில் நூலே இல்லாததுபோலத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. 1904-இல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங் இரண்டு முனை வால்வைச் செய்தார். 1906-இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவதாக ஒரு முனையைச் சேர்த்தார். அதன்பின் ஐம்பது ஆண்டுக்கு மேல் வால்வைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ரேடியோ, தொலைபேசி, ராடார் பொறியாளர்களுக்காக எழுதினார்கள். உள்ளே போன ஒலி மாறாமல் வெளியே வர வேண்டும் என்பதே அவர்கள் குறிக்கோள். டிஸ்டார்ஷன் (ஒலியலையின் உருத்திரிபு) அவர்களுக்கு ஒழிக்க வேண்டிய குறை. கிட்டார் வாசிப்பவருக்கோ அந்த உருத்திரிபே பாதி இசை. அதனால் பழைய பாடநூல்களில் கணக்கு முழுமையாக இருந்தும், உங்களுக்கு வேண்டிய கேள்வி அங்கே கேட்கப்படவே இல்லை.

1947-இல் டிரான்சிஸ்டர் வந்தது. மெல்ல மெல்லக் கல்லூரிப் பாடத்திட்டங்களிலிருந்து வால்வு மறைந்தது. நீங்கள் டிப்ளமோ படித்தபோது அது ஒரு பக்க வரலாற்றுக் குறிப்பாக மிஞ்சியிருந்தாலே அதிகம். பிறகு கிட்டார் உலகத்திலிருந்து எழுத வந்தவர்களில் பலர் பழுது பார்ப்பவர்கள். 'இந்தக் கெப்பாசிட்டரை மாற்று, ஒலி தடிக்கும்' என்று கைப்பழக்கத்தைச் சொன்னார்கள். ஏன் தடிக்கிறது என்ற கணக்கைச் சொல்லவில்லை. ஒரு பக்கம் கணக்கு, இன்னொரு பக்கம் காது. இரண்டையும் சேர்த்து எழுதிய நல்ல நூல்கள் பெரும்பாலும் இந்த நூற்றாண்டில்தான் வந்தன. உங்கள் மூளையில் குறை ஏதும் இல்லை.

சரி, 1,500 ஓமுக்கு வருவோம். அதை இங்கேயே முடித்துக் காட்டுகிறேன். எந்த நூலை எப்படிப் படிக்க வேண்டும் என்பது அதிலிருந்தே உங்களுக்குப் புரியும்.

5 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர்களில் பல 1950-களின் ஃபெண்டர் சேம்ப் என்ற சிறிய ஆம்ப்ளிஃபையரின் வழிவந்தவை. அதன் 5எஃப்1 என்ற சர்க்யூட்டில் மூன்றே வால்வுகள். 12ஏஎக்ஸ்7 முதலில் ஒலியைப் பெருக்குகிறது. 6வி6 ஸ்பீக்கரை இயக்கும் வலிமையைத் தருகிறது. 5ஒய்3 ரெக்டிஃபையர் (மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்குவது). 12ஏஎக்ஸ்7-க்கு ஐரோப்பாவில் ஈசிசி83 என்று பெயர். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள் (மும்முனை வால்வுகள்) இருக்கும். ஒவ்வொன்றிலும் சூடாகி எலெக்ட்ரான்களை உமிழும் கேத்தோடு, அவற்றை ஈர்க்கும் பிளேட், நடுவில் கிரிட் என்ற கம்பிவலை. இது உங்களுக்குத் தெரிந்ததே.

கிரிட் தன் வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால், கேத்தோடைவிட அது எப்போதும் சற்று எதிர் அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஒலி எதுவும் வராதபோது இருக்கும் அந்த வித்தியாசமே பயாஸ் (கிரிட்டின் இருப்புநிலை அழுத்தம்). கிரிட்டைத் தரை அழுத்தத்துக்குக் கீழே இறக்குவதற்குத் தனியாக ஒரு மின்வழங்கி வேண்டும். அதற்குப் பதில் கேத்தோடைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திவிடலாம். கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் வால்வின் மின்னோட்டமே அதன் வழியாகப் பாய்ந்து கேத்தோடை உயர்த்தும். மின்னோட்டம் கூடினால் கேத்தோடு இன்னும் உயரும்; கிரிட் அதைவிட இன்னும் எதிராகும்; மின்னோட்டம் தானே குறையும். வால்வு தன்னைத் தானே கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. 'பயாஸ் தருகிறது' என்ற இரண்டு சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

எவ்வளவு உயரும் என்பதற்குத்தான் தாள் வேண்டும். 12ஏஎக்ஸ்7-இன் தகவல் தாளில் பிளேட் வளைகோடுகள் என்று ஒரு படம் இருக்கும். குறுக்கே பிளேட் வோல்ட், நெடுக்கே மில்லியாம்பியர். வலப்பக்கம் சாய்ந்து எழும் வளைகோடுகள் ஒவ்வொன்றும் ஒரு கிரிட் அழுத்தத்துக்கு உரியது: 0, மைனஸ் 0.5, மைனஸ் 1, இப்படி. அந்தப் படத்தைப் பெரிதாக நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

மின்வழங்கி 300 வோல்ட் என்றும் பிளேட் ரெசிஸ்டர் 1 லட்சம் ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். வால்வில் மின்னோட்டமே ஓடாவிட்டால் ரெசிஸ்டரில் இழப்பு இல்லை. பிளேட்டில் 300 வோல்ட்டும் நிற்கும். குறுக்கு அச்சில் 300-இல் ஒரு புள்ளி. வால்வு முழுதாகக் கடத்தி, பிளேட்டில் ஒன்றுமே மிஞ்சாது என்று கற்பனை செய்தால், 300-ஐ 1 லட்சத்தால் வகுத்து 3 மில்லியாம்பியர். நெடுக்கு அச்சில் 3-இல் இன்னொரு புள்ளி. இரண்டையும் அளவுகோல் வைத்து இணையுங்கள். இதுதான் லோடு லைன் (சுமைக்கோடு). உங்களை மிரட்டிய சொல் இதுதான் என்று நினைக்கிறேன். ஓம் விதியை இரண்டு முறை போட்டோம், ஒரு கோடு கிழித்தோம், வேறொன்றும் இல்லை. வால்வு என்ன செய்தாலும் இந்தக் கோட்டை விட்டு விலக முடியாது.

அடுத்து 1,500 ஓம். கிரிட் மைனஸ் 1 வோல்ட் என்றால் அந்த ரெசிஸ்டரில் 1 வோல்ட் விழ வேண்டும், மின்னோட்டம் 0.67 மில்லியாம்பியர். மைனஸ் 1 என்ற வளைகோட்டில் 0.67 உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மைனஸ் 1.5-க்கு 1 மில்லியாம்பியர். மைனஸ் 2-க்கு 1.33. மூன்றையும் இணைத்தால் ஏறக்குறையப் படுத்தாற்போல ஒரு கோடு வரும். அது சுமைக்கோட்டை வெட்டும் இடத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 1 மில்லியாம்பியர், பிளேட்டில் 200 வோல்ட், கிரிட் மைனஸ் ஒன்றரை. வால்வு ஓய்வாக உட்கார்ந்திருக்கும் இடம் அது.

அங்கிருந்து கிட்டாரின் அலை கிரிட்டை மேலும் கீழும் ஆட்டுகிறது. கிரிட் ஒன்றரை வோல்ட் ஏறி 0-ஐத் தொடும்போது சுமைக்கோட்டின் வழியே இடப்பக்கம் போய்ப் பாருங்கள்: பிளேட் 200-லிருந்து ஏறக்குறைய 100-க்கு இறங்கியிருக்கும். அதே ஒன்றரை வோல்ட் கீழே இறங்கி மைனஸ் 3-க்குப் போகும்போது வலப்பக்கம் பாருங்கள்: பிளேட் 275-ஐ ஒட்டித்தான் ஏறியிருக்கும். கீழே 100 வோல்ட், மேலே 75. உள்ளே சமமாக வந்த அலை வெளியே சமமில்லாமல் போகிறது. அலையின் ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் குறுகுகிறது. இரண்டாம் ஹார்மோனிக் (அடிப்படைச் சுரத்தின் இரு மடங்கு அதிர்வெண்) அதில் வந்து சேர்கிறது. அது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. 'வால்வின் இதமான ஒலி' என்று எல்லோரும் வாயால் சொல்கிற விஷயத்தை நீங்கள் அளவுகோலால் அளந்துவிட்டீர்கள். நான் முதன்முதல் இதை வரைந்து பார்த்த இரவு நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது 1,000 ஓமைப் போட்டு அதே வேலையைச் செய்யுங்கள். வெட்டும் இடம் கொஞ்சம் மேலே நகரும்: சுமார் 1.25 மில்லியாம்பியர், 175 வோல்ட். கிரிட் 0-ஐத் தொட ஒன்றேகால் வோல்ட்தான் இடம் இருக்கும். வேலை செய்யாதா? செய்யும். ஆனால் பலமாக வாசித்தால் அலையின் ஒரு பக்கம் முன்னதாகவே முட்டும். 2,700 ஓம் போட்டால் எதிர்ப்பக்கம் நகரும். மார்ஷல் நிறுவனம் ஜேசிஎம்800 மாடலில் ஓரிடத்தில் 10,000 ஓம் போட்டிருக்கிறது. அங்கே வால்வு கிட்டத்தட்ட அணைகிற விளிம்பில் உட்கார்ந்திருக்கும். அலையின் ஒரு பாதி சட்டென்று வெட்டுப்படும். அந்தக் கடுமையான ராக் ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். ஆக, 1,500 என்பது இரண்டு பக்கமும் ஓரளவு இடம் விட்டு நடுவில் உட்காரவைக்கிற தேர்வு. அதை விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்விக்கு என் நேரான விடை இது.

இதையே இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கு எண் 100. அதன் உள்தடை ஏறக்குறைய 62,500 ஓம். 100-ஐ 1 லட்சத்தால் பெருக்கி, 1,62,500-ஆல் வகுத்தால் 61 சொச்சம். கிட்டாரிலிருந்து 0.1 வோல்ட் வந்தால் பிளேட்டில் 6 வோல்ட். கேத்தோடு ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு கெப்பாசிட்டர் (மின்தேக்கி) இருக்கும்போது வரும் கணக்கு இது. அது இல்லாவிட்டால் பெருக்கம் ஏறக்குறையப் பாதியாகி 32-க்கு வரும். பல ஃபெண்டர் ஆம்ப்ளிஃபையர்களில் அந்த இடத்தில் 25 மைக்ரோஃபாரட் இருக்கும். எல்லா அதிர்வெண்ணுக்கும் முழுப் பெருக்கம். மார்ஷல் அதே இடத்தில் 2,700 ஓமும் 0.68 மைக்ரோஃபாரட்டும் வைத்தது. கணக்குப் போட்டால் 200 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலிருந்து கீழே வரவரப் பெருக்கம் குறைகிறது. கிட்டாரின் தடித்த கீழ்க் கம்பி 82 ஹெர்ட்ஸ். அடி ஒலி குழம்பாமல், மேல் ஒலி முன்னே வருகிறது. அந்த ஒரு சிறு கெப்பாசிட்டர் இந்த வேலையைச் செய்கிறது. இதைக் கணக்காகவும் பார்த்து, காதாலும் கேட்டுவிட்டால் நடுப்படியைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இனி நூல்கள். அடிப்படை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்று தோன்றினால் அமெரிக்கக் கடற்படை தன் மாலுமிகளுக்காகத் தயாரித்த மின்னணுவியல் பயிற்சி வரிசையில் ஆறாவது தொகுதியை எடுங்கள். வால்வும் மின்வழங்கியும் மட்டுமே அதன் பொருள். இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிக்கூட ஆசிரியர் கரும்பலகையில் எழுதிச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லும். கிட்டார் என்ற சொல்லே அதில் வராது, பரவாயில்லை.

நடுநிலைக்கு நான் சொல்லும் நூல் ஒன்றுதான்: மெர்லின் பிளென்கோவ் எழுதிய 'டிசைனிங் ட்யூப் ப்ரீஆம்ப்ஸ் ஃபார் கிட்டார் அண்ட் பேஸ்'. 2009-இல் வந்தது, 2012-இல் விரிவான இரண்டாம் பதிப்பு வந்தது. மேலே நாம் வரைந்த கோடுதான் அதன் முதல் அத்தியாயத்தின் உயிர். உருத்திரிபைக் குறையாகப் பார்க்காமல், எங்கே எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு வாங்கும் வழியைச் சொல்லித்தருகிறார். பள்ளி இயற்கணிதத்துக்கு மேல் பெரிதாகக் கணிதம் தேவைப்படாது. ஒரே மூச்சில் படிக்காதீர்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் ஒரு மாதம் வைத்துக்கொண்டு, அதில் வரும் ஒவ்வொரு படத்தையும் நீங்களே தாளில் வரையுங்கள். மின்வழங்கிக்கென்று அவரே தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

அதன்பின் ரிச்சர்ட் குனெல். ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ என்ற ஒரே ஓர் ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொண்டு, உள்ளே நுழையும் கம்பியிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒவ்வொரு பகுதியையும் பிரித்துப் பார்த்து ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். சமன்பாடுகள் கூடுதல். புரியாத பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள், தவறில்லை.

வளைகோடுகளுக்கு ஆர்சிஏ நிறுவனத்தின் பழைய வால்வுக் கையேடு. லாங்ஃபோர்டு ஸ்மித் ஆஸ்திரேலியாவில் தொகுத்த 'ரேடியோட்ரான் டிசைனர்ஸ் ஹேண்ட்புக்' பற்றி யாராவது சொல்வார்கள். 1950-களின் தொடக்கத்தில் வந்த அதன் நான்காம் பதிப்பு ஏறக்குறைய 1,500 பக்கம். மகத்தான நூல்தான். ஆனால் அகராதியைப் போல, தேவைப்படும்போது புரட்டுவதற்கானது. அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கிப் பாதியில் கைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எடுத்து மிரண்ட நூலும் அந்த வகையாகவே இருக்கும் என்று என் ஊகம். மோர்கன் ஜோன்ஸ் எழுதிய 'வால்வ் ஆம்ப்ளிஃபையர்ஸ்' நல்ல நூல்; ஆனால் அவர் நோக்கம் வீட்டில் இசைத்தட்டு கேட்பவரின் தூய ஒலி. அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நூல்களைவிட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. ஒரே ஒரு சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு அதைக் கடைசிவரை முடியுங்கள். பத்து சர்க்யூட்டை மேலோட்டமாகப் பார்ப்பதில்தான் பல ஆண்டுகள் வீணாகின்றன. 5எஃப்1 படத்தை ஒரு பெரிய தாளில் உங்கள் கையால் வரையுங்கள். ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: இது இல்லாவிட்டால் என்ன ஆகும், இரு மடங்காக்கினால் என்ன ஆகும். 6வி6-இன் கேத்தோடில் 470 ஓம் இருக்கும். அதில் 20 வோல்ட் விழுந்தால் மின்னோட்டம் எவ்வளவு, அதைப் பிளேட் வோல்ட்டால் பெருக்கினால் வால்வு தாங்கும் வாட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு கம்பி திரும்பிவந்து இரண்டாம் டிரையோடின் கேத்தோடில் சேருமே, அது எதிர்ப்பின்னூட்டம் (வெளியே போகும் ஒலியில் ஒரு சிறு பங்கை எதிராகத் திருப்பி அனுப்புவது). விடை தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் காலி இடங்கள்தான் நீங்கள் நூலில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும்.

அந்தத் தாள் நிறைந்தபின் பாஸ்மேனையும், அதைப் பார்த்து லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1960-களின் தொடக்கத்தில் செய்த ஜேடிஎம்45-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. முதல் வால்வு அங்கே 12ஏஒய்7, இங்கே 12ஏஎக்ஸ்7. முன்னதன் பெருக்கு எண் பின்னதில் பாதிக்கும் குறைவு. வெளியீட்டு வால்வும் விரைவில் மாறியது, ஸ்பீக்கரும் வேறு. இவ்வளவு சிறிய மாற்றத்திலிருந்து இரண்டு இசை மரபுகள் பிரிந்தன. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர்தான் லியோ ஃபெண்டர். வால்வுக் கம்பெனிக் கையேடுகளில் இருந்ததைப் போன்ற சர்க்யூட்டுகளைத்தான் அவரும் எடுத்து, தேவைக்கேற்ப மாற்றினார். வழிமுறை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

தாளில் போட்டதைக் கையால் செய்துபார்க்க மனம் துடிக்கும். 300 வோல்ட் இல்லாமலே அதற்கு வழி உண்டு. உங்கள் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் பிஎஃப்டபிள்யூ10 என்ற ஃபெட்டை (ஒரு வகை டிரான்சிஸ்டர்) பார்த்திருப்பீர்கள். அதன் சோர்ஸ் முனையில் போடும் ரெசிஸ்டர், வால்வின் கேத்தோடு ரெசிஸ்டர் செய்யும் அதே வேலையைச் செய்கிறது. ஒரு 9 வோல்ட் பேட்டரியும் சில ரெசிஸ்டர்களும் போதும். சோர்ஸ் ரெசிஸ்டரை மாற்றி மாற்றி, ஓய்வுப் புள்ளி நகர்வதை மல்டிமீட்டரில் பாருங்கள். வளைகோட்டின் வடிவம் வேறுதான். ஆனால் கை பழகும். கணினி இருந்தால் எல்டிஸ்பைஸ் என்ற இலவச மென்பொருளில் வால்வு சர்க்யூட்டையே ஓட்டிப் பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை: முதலில் தாளில் விடையைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு கணினியில் சரிபாருங்கள். முறை மாறினால் கணினி கற்றுக்கொள்ளும், நீங்கள் கற்றுக்கொள்ள மாட்டீர்கள்.

இன்னொரு வழியையும் மறக்க வேண்டாம். நம் ஊர்களில் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட் கட்டியவர்கள் ஒரு காலத்தில் வால்வு ஆம்ப்ளிஃபையர்களோடுதான் வாழ்ந்தார்கள். உங்கள் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ரேடியோ மெக்கானிக் ஒருவராவது இருப்பார். தேடிப் போய்ப் பாருங்கள். அவருக்குச் சுமைக்கோடு தெரியாமல் இருக்கலாம். ஆனால் வால்வின் நிறத்தைப் பார்த்தே பழுதைச் சொல்வார். இனி நான் எழுதப்போவதை ஒரு நாள் அவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுவது, எழுத்தில் படிப்பதைவிடப் பத்திரமானது.

பயத்துக்கு வருகிறேன். எனக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். முந்தின நாள் மாலையே பிளக்கைப் பிடுங்கி வைத்த ஓர் ஆம்ப்ளிஃபையரில் மறுநாள் காலையில் கை வைத்தேன். இடக்கையில் தோள்பட்டை வரை யாரோ கட்டையால் அடித்ததுபோல இருந்தது. கை சுண்டி விலகியதால் தப்பித்தேன். ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் (மின்வழங்கியில் நேர்மின்சாரத்தைச் சமன்படுத்தும் பெரிய மின்தேக்கிகள்) இரவு முழுவதும் மின்னேற்றத்தைப் பிடித்துவைத்திருந்தன. 'பிளக் வெளியே இருக்கிறது, அதனால் பயமில்லை' என்று அன்றுவரை நினைத்திருந்தேன். அந்த நினைப்புத்தான் ஆபத்து. உங்களிடம் இப்போது இருக்கும் பயம் உங்களைக் காப்பாற்றுகிற பயம். அதைப் போக்கிக்கொள்ள முயலாதீர்கள், ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.

திறக்க வேண்டிய நாள் வரும்போது செய்ய வேண்டியது இது. பிளக்கைப் பிடுங்கி உங்கள் கண்ணெதிரே மேசைமேல் வையுங்கள். உறையிட்ட கிளிப்புகள் இரு பக்கமும் பொருத்திய 10,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு, தரையோடு இணைத்து, ஒவ்வொரு ஃபில்டர் கெப்பாசிட்டரையும் சில விநாடிகள் வடியவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தொட்டு வெடிக்கவைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பிறகு 1,000 வோல்ட் தாங்கும் மல்டிமீட்டரால் அளந்து, ஓரிரு வோல்ட்டுக்குள் இறங்கியதை உறுதி செய்தபின்தான் கை உள்ளே போகலாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அளக்கவும். சில கெப்பாசிட்டர்களில் அழுத்தம் தானாகக் கொஞ்சம் திரும்பி ஏறும். மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் மீட்டரின் கறுப்பு முனையைச் சேஸிஸில் (உலோகச் சட்டகத்தில்) கிளிப் போட்டு மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் சிவப்பு முனையைப் பிடியுங்கள். மறுகை சட்டைப்பையில். மோதிரம், கைச்சங்கிலி கழற்றிவையுங்கள். ஈரக் கால், வெறுங்கால் கூடாது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் செய்யக் கூடாது. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், மெயின் சுவிட்ச் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பழுது பார்த்தபின் முதன்முதல் போடும்போது சீரிஸ் பல்பு வழியாகப் போடுங்கள். எலெக்ட்ரீஷியன்களிடம் இருக்கும் அதே சீரிஸ் போர்டுதான். 60 வாட் குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஒருபோதும் போடாதீர்கள். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் (மின்மாற்றி) கெட்டுவிடும்.

உங்களுடையது பழையது என்று எழுதியிருப்பதால் இரண்டு விஷயங்களை உடனே பார்க்கச் சொல்கிறேன். மூடியைத் திறக்காமலே பார்க்கலாம். பின்பக்கத் தகட்டில் 120 வோல்ட் என்று போட்டிருந்தால் அது அமெரிக்காவுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது. பிளக் இரண்டு முனை உடையதாக இருந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன் நல்ல மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, மூன்று முனைக் கம்பியாக மாற்றி, சேஸிஸுக்கு எர்த் கொடுத்து வாங்குங்கள். எர்த் இல்லாத பழைய ஆம்ப்ளிஃபையரில் பழுது வந்தால் மின்சாரம் கிட்டார் கம்பிவரை வரும். மறுகை மைக்கைத் தொட்டால் பாதை முழுமையாகிவிடும். ஆலயத்தில் மைக்குக்கு முன் நின்று வாசிக்கிறீர்கள். அதனால் இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மாற்றி முடியும்வரை அந்த ஆம்ப்ளிஃபையரில் வாசிக்க வேண்டாம்.

முதலில் பிளக்கைப் பாருங்கள். அடுத்து வளைகோட்டுத் தாள். மூன்று ரெசிஸ்டர்களுக்கும், 1,000, 1,500, 2,700 ஓம் மூன்றுக்கும், ஒரே தாளில் வரைந்து எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். கோடு தவறி எங்கேயாவது போயிருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன்.